தட்டு நிற்காத வாசல்

எனக்குத் தையல் வராது. இன்றைக்கும் வராது. கல்யாணமாகிக் கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே இருந்த அந்த ஊருக்குப் போன முதல் வாரமே மாமியார் என் கையில் ஊசியைக் கொடுத்து, விரித்துக் கிடந்த துப்பட்டியின் ஒரு மூலையில் என்னை உட்கார வைத்தார். நான் போட்ட வரியை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏ அம்மிணி, இது தையலா, கோழி நடந்த தடமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபது வயதுகூட ஆகவில்லை, எதற்கெடுத்தாலும் கோபம் வரும்.

துப்பட்டி என்றால் கடையில் விற்கிற போர்வை இல்லை. கட்டிக் கட்டி நைந்து பஞ்சு மாதிரி ஆகிவிட்ட நூல்சேலைகளை நாலைந்து அடுக்காக விரித்து, நெருக்கமாக ஓட்டுத் தையல் போட்டுச் சேர்த்துவிடுவார்கள். மூலைக்கு ஒருத்தியாக நாலு பேர் உட்கார்ந்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தைத்துக்கொண்டே வருவார்கள். தை மாதத்தில் கணவாய்க் காற்று வீட்டு ஓட்டைப் பிடுங்கப் பார்க்கிற ஊரில், படுக்கையில் சூடு என்றால் அதுதான். எங்கள் வீட்டு நெல்லறைக்கு முன்னால் இருந்த கூடத்தில், மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஆரம்பித்தால் மாடு கறக்கிற நேரம் வரைக்கும் தையல் நடக்கும். தைத்ததில் பாதி வீடுகளுக்குப் போகும், பாதி இல்லாதப்பட்டவர்களுக்கு. யாருக்குக் கொடுப்பது என்பதை மாமியார்தான் முடிவு செய்வார். அந்த ஊரில் எதைத்தான் அவர் முடிவு செய்யவில்லை?

வருகிறவர்களில் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். ஒருவர் ராவுத்தர் வீட்டம்மா. அவர் கணவருக்குக் கடைவீதியில் துணிக்கடை. நூலுருண்டையும் வெட்டுத் துணியும் பையில் போட்டுக்கொண்டு வருவார், வந்ததிலிருந்து போகிறவரைக்கும் வாய் மூடாது. இன்னொருவர் கிணற்றடி வீட்டு அக்கா. பொதுக் கிணற்றுக்குப் பக்கத்து வீடு என்பதால் அந்தப் பேர். முப்பத்தைந்து வயது இருக்கும். தெருப் பெண்களுக்கெல்லாம் ரவிக்கை தைத்துக் கொடுப்பார். அவர் தைத்த வரியையும் நான் தைத்த வரியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வரும். அதிகம் பேசமாட்டார். இரண்டு பிள்ளை பெற்றவர். இரண்டும் ஒரு மாதம்கூடத் தங்கவில்லை.

ஒரு வீட்டில் முதல் பிரசவம் என்றால் பிறக்கப் போகிற குழந்தைக்கு ஒரு சின்னத் துப்பட்டி தைப்பார்கள். அதற்குப் புதுத்துணி ஆகாது, கட்டிப் பழகிய சேலைதான் வேண்டும். ஏழாம் மாதம் ஆனதும் கர்ப்பிணியையும் கூட்டிக்கொண்டு, வெற்றிலை பாக்கும் பழமும் வைத்த தாம்பூலத் தட்டோடு வீடு வீடாகப் போய்ச் சேலை கேட்பார்கள். தட்டு எல்லா வாசலிலும் நிற்காது. பெற்ற பிள்ளைகளில் ஒன்றையும் பறிகொடுக்காதவர்களின் வாசலில் மட்டும்தான் நிற்கும். அவர்கள் சேலைதான் ராசியான சேலை.

கிணற்றடி அக்காவின் வாசலில் தட்டு நின்றதே இல்லை. யாரும் வாய்விட்டு ஒன்றும் சொன்னதில்லை, சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. தெருவில் பிறந்த அத்தனை குழந்தைகளின் துப்பட்டியிலும் அவர் கைத்தையல் இருந்தது, ஒன்றிலும் அவர் சேலை இல்லை.

எனக்கு ஏழாம் மாதம் வந்தது. மாமியார் தட்டை ஏந்தி முன்னால் நடக்க, நான் வயிற்றைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன். கிணற்றடியைத் தாண்டும்போது என் கண் அந்த வீட்டுக்குள் போனது. கதவு திறந்திருந்தது. உள்ளே கொடியில், துவைத்து நீவி மடித்த ஒரு சேலை தனியாகத் தொங்கியது. சந்தனக் கலர், அரக்குக் கரை. அக்கா கதவோரமாக நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். மாமியார் நடையைக் குறைக்கவே இல்லை.

அடுத்த வீட்டு வாசலில் ராவுத்தர் வீட்டம்மா என் காதில் சொன்னார். "எப்பத் தட்டு கெளம்புனாலும் அது ஒரு சேலையத் தொவைச்சு மடிச்சு வெச்சிருக்கும் கண்ணு. வருசக் கணக்கா. எல்லாம் நம்ம கடைச் சேலைதான். அதும் புருசனுக்கு அந்தக் கலரை விட்டா வேற எடுக்கத் தெரியாது." வீட்டுக்கு வந்து மாமியாரிடம் கேட்டேவிட்டேன்.

"அந்த அக்காகிட்டயும் ஒண்ணு வாங்கியிருக்கலாமுங்க அத்தை."

"எதுக்கு? பொறக்கற உசுரை வெச்சு வெளையாடறதுக்கா?"

என் வயிற்றுக்குள் இருந்ததை நினைத்து எனக்கும் பயம்தான். கோபம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம்.

என் துப்பட்டி தைத்து முடிந்த சமயத்தில்தான் காலரா வந்தது. எங்கெங்கோ தேசம் தேசமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று ரேடியோவில் கேட்டிருந்தோம். ரேடியோவில் வருவது நம் ஊருக்கு எங்கே வரப்போகிறது என்று இருந்துவிட்டோம். முதலில் கஞ்சிக்கோட்டுப் பக்கம் கட்டட வேலைக்கு வந்தவர்களுக்கு என்றார்கள். அப்புறம் வாய்க்கால் கரைக் குடிசைகளில். அப்புறம் எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில். பஸ் ஏறப் போகிறவர்களை நிறுத்தி ஊசி போட்டார்கள். பிரசவத்துக்குத் தாய்வீடு போக வேண்டிய என்னை, இந்த நேரத்தில் பஸ்ஸில் அனுப்ப முடியாது என்று மாமனார் நிறுத்திவிட்டார். கிணறுகளில் எல்லாம் பவுடர் கரைத்து ஊற்றினார்கள். தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும் என்று சைக்கிளில் ஒரு ஹெல்த் இன்ஸ்பெக்டர் தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு போனார்.

எல்.பி. ஸ்கூல் என்கிற ஆரம்பப் பள்ளிக்கூடத்தை மூடி, பெஞ்சுகளை வெளியே அடுக்கிவிட்டு, உள்ளே கட்டில் போட்டார்கள். கட்டில் இருந்தது, டாக்டர் இருந்தார், ஏற்றுவதற்குப் பாட்டில் பாட்டிலாக மருந்துத் தண்ணீர் இருந்தது. விரிக்கத் துணி இல்லை. செய்தி வந்த அன்றே மாமியார் கூடத்தில் இருந்த துப்பட்டிகளை எல்லாம் எடுத்து அடுக்கினார். அங்கே ஒரு பச்சைக் குழந்தையும் கிடக்கிறது என்று யாரோ சொன்னார்கள். மாமியார் ஒரு நிமிஷம் யோசித்தார். உள்ளே போய் என் பிள்ளைக்குத் தைத்திருந்த சின்னத் துப்பட்டியைக் கொண்டுவந்து அடுக்கின் மேல் வைத்தார். "நம்மளுக்கு வேற தைச்சுக்கலாம், போ" என்றார். அந்த மனுஷியை முழுசாக வெறுக்க முடியாமல் போவது இப்படியான நேரங்களில்தான்.

ஒரு வாரம் கழித்து, எல்லோரும் கூடத்தில் தைத்துக்கொண்டிருந்தபோது, இன்ஸ்பெக்டர் வாசலில் சைக்கிளை நிறுத்தினார். மலையாளத்துக்காரர், எங்களோடு பேசும்போது பாதித் தமிழ் பேசுவார். இன்னும் துணி வேண்டும் என்றார். கொடுத்ததெல்லாம் எங்கே என்று மாமியார் கேட்டார்.

"அம்மா, கத்திச்சுப் போச்சு. எரிச்சுட்டோம். இத்தனை கனம் இருந்தா உள்ள வரைக்கும் வேகாது, மழையில உணங்காது, காயவே காயாது. ஒருத்தர் படுத்ததில் இன்னொருத்தரைப் படுக்க வைக்கப் பற்றுமா, முடியுமா?"

மாமியார் முகம் செத்துவிட்டது. தானம் கொடுக்கிற துப்பட்டி என்று எப்போதையும்விட ஒரு அடுக்கு கூடவே வைத்துத் தைத்திருந்தார்கள். மெல்லிசாகக் கொடுத்தால் கை சுருங்கியவள் என்று பேர் வந்துவிடும் என்பது எங்கள் பெண்களுக்கு இருந்த பெரிய பயம். அந்தப் பெருமையெல்லாம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் புகைந்து போயிருந்தது, என் பிள்ளையின் துப்பட்டியோடு சேர்த்து. நான் உள்ளே போய் அழுதுவிட்டு வந்தேன்.

என்ன மாதிரி வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார். இரண்டே அடுக்கு. இடைவெளி விட்டு அள்ளித் தைத்தால் போதும். இன்னொன்றும் வேண்டும், அதைச் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது. அங்கே போட்டிருந்த கட்டில்களில் நடுவில் வட்டமாக ஓட்டை இருக்கும், கீழே வாளி இருக்கும். எழுந்து போகத் தெம்பு இல்லாதவர்களுக்கு அதுதான் வழி. விரிப்பிலும் அதே இடத்தில் ஓட்டை வேண்டும்.

"தைச்ச துணியில ஓட்டை போடறதா?" என்று மாமியார் நெஞ்சில் கை வைத்தார்.

கிணற்றடி அக்கா அப்போதுதான் வாய் திறந்தார். "ரவிக்கைக் கழுத்து மாதிரி வெட்டி மடிச்சு அடிச்சுப்போடலாமுங்க."

"அந்தக் கழுத்துக்கு ஆனைதான் வந்து நுழையோணும்" என்றார் ராவுத்தர் வீட்டம்மா. அந்தத் துக்கத்திலும் எல்லோரும் சிரித்துவிட்டோம்.

கூட்டமாக உட்காரக் கூடாது என்று சொல்லியிருந்ததால் வழக்கம் மாறியது. ஒரு துப்பட்டிக்கு நாலு பேர் என்பது போய், அவரவர் வீட்டில் அவரவர் ஒன்று. வெட்டின துணி மதில் மேலாகக் கைமாறும். ராவுத்தர் வீட்டம்மா நூலுருண்டையை ஒவ்வொரு வாசலிலும் வைத்துவிட்டு, தெருவின் அந்தக் கோடியில் நின்று இந்தக் கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி கதை பேசுவார். ஓட்டைக்கு ஓரம் அடிக்கிற வேலை முழுக்கக் கிணற்றடி அக்காவுக்கு. பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி வருகிற விரிப்புகளை, எங்கள் வீட்டுக் களத்தில் நெல் அவிக்கிற பெரிய அண்டாவில் போட்டுக் கொதிக்க வைத்தார்கள். அந்த வருஷம் புழுங்கல் அரிசிக்கு வழியில்லாமல் பச்சரிசிச் சோறுதான் தின்றோம். மாமனார் முணுமுணுத்தார், யாரும் காதில் வாங்கவில்லை.

வைகாசிப் பாதியில் தொடங்குகிற இடவப்பாதி மழை வலுத்தது. கட்டில்கள் கூடிக்கொண்டே போயின. தெருவில் பழஞ்சேலை தீர்ந்துவிட்டது. இருந்த நல்ல சேலைகளிலும் ஆளுக்கு ஒன்றிரண்டு கொடுத்தாயிற்று. அப்போது ஒரு காலை, கிணற்றடி அக்கா ஒரு தகரப் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து எங்கள் வாசல்படியில் இறக்கித் திறந்தார். பெட்டி நிறையச் சேலைகள். எல்லாம் சந்தனக் கலர், எல்லாம் அரக்குக் கரை, ஒவ்வொன்றும் நீவி மடித்தது. வருஷக் கணக்காகத் தட்டுக்குக் காத்திருந்த சேலைகள் என்று பார்த்ததும் தெரிந்தது.

"இதுக்காச்சும் ஆகுமுங்களா?" என்று மாமியாரைக் கேட்டார்.

குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே ஆகுமா என்று தெரிந்துகொள்ளக் கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மாமியார் "ஆகும், ஆகும்" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுச் சட்டென்று உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போன விரிப்பெல்லாம் சந்தனக் கலர்தான்.

மழை நடுவில் என் மாமியாரே விழுந்தார். ஊருக்கெல்லாம் தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்று சொன்னவர், தான் மட்டும் மாந்தோப்புக்குப் போகும்போதெல்லாம் அங்கே ஓடுகிற வாய்க்காலில் கையை முக்கிக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். கிணற்றுத் தண்ணீர் பவுடர் நாறுகிறதாம், காய்ச்சினால் ருசி போய்விடுகிறதாம். காலையில் வயிறு சரியில்லை என்றார். மத்தியானத்துக்குள் கண் குழி விழுந்து, கை விரல்கள் தண்ணீரில் ஊறினவை மாதிரிச் சுருங்கிவிட்டன. வண்டி கட்டித் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். என்னை வாசலைத் தாண்ட விடவில்லை. அவ்வளவு நாள் அவர் மேல் வைத்திருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. கூடத்தில் தனியாக உட்கார்ந்து, ஓட்டைக் கழுத்துக்கு ஓரம் மடித்துக்கொண்டே அழுதேன். கோழித் தடம் இன்னும் கோணலாகப் போனது.

பிழைத்து வந்தார். பாதி உடம்பாக வந்தார், குரல் மட்டும் முழுசாக இருந்தது. கஞ்சியைக் குடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார்.

"அம்மிணி, நான் போய்ச் சேர்ந்திருக்கோணும். கண்ணு முழிச்சப்பக் கீழ என்ன இருந்துச்சு தெரியுமா? அந்தச் சந்தனக் கலரு. அவ சேலை. பக்கத்துக் கட்டில்ல நம்ம வயல்ல நாத்து நடற பொம்பளை. அவளுக்குக் கீழயும் அதேதான். அவளும் எந்திரிச்சு ஊட்டுக்குப் போயிட்டா." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "போற உசுரைப் புடிச்சு நிறுத்தற சேலையைப் போயி ராசியில்லாத சேலைன்னு எந்தக் கூமுட்டை சொன்னது?"

"நீங்கதானுங்க அத்தை."

"ஆமா, நாந்தான்" என்றார், கொஞ்சமும் கூசாமல். "எனக்கு எந்திரிக்கத் தெம்பு வரட்டும். தட்டு எடுத்து வை."

ராசி என்ற ஒன்று இல்லை என்று அவர் சொல்லவில்லை. அது எந்த வீட்டில் இருக்கிறது என்பதை மட்டும் மாற்றிக்கொண்டார். அதே விரிப்புகளில் படுத்துப் பிழைக்காமல் போனவர்களும் இருந்தார்கள். அந்தக் கணக்கை அவர் எடுக்கவில்லை, நானும் எடுத்துக் கொடுக்கவில்லை.

எனக்கு ஒன்பதாம் மாதம் பாதி ஆகியிருந்தது. மழை விட்டு வெயில் காய்ந்த ஒரு மத்தியானம், தட்டில் வெற்றிலை பாக்கும் பழமும் வைத்துக்கொண்டு மாமியார் மெல்ல மெல்ல நடந்தார். வேறு எந்த வாசலிலும் நிற்கவில்லை. நேராகக் கிணற்றடி வீட்டுக்குப் போய் நின்றார். தெருப் பெண்கள் அவரவர் வாசலில் வந்து நின்று பார்த்தார்கள். அக்கா மாவுக் கையோடு வெளியே வந்தார். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் தட்டைப் பார்த்தார்.

"இவ புள்ளைக்கு ஒரு சேலை குடு கண்ணு" என்றார் மாமியார்.

"ஒண்ணுகூட இல்லீங்களே பெரியம்மா" என்றார் அக்கா. "எல்லாத்தையும் குடுத்துப்போட்டனே. நாளுக்கு ஒண்ணு மாத்திக் கட்ட ரெண்டு வெச்சிருந்தேன். அதுலயும் ஒண்ண முந்தாநேத்துத்தான் வெட்டினேன். இப்பக் கட்டியிருக்கறதுதான் இருக்குது."

இத்தனை வருஷம் கழித்து அந்த வாசலில் தட்டு நிற்கிறது, கொடுக்க அந்த வீட்டில் ஒரு சேலை இல்லை. மாமியார் தட்டை ஏந்தியபடி என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். அவர் அப்படி நின்று நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

"இருங்க, போயிடாதீங்க" என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரம் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. கதவு திறந்தபோது அவர் கல்யாணக் கூறைச்சேலையில் நின்றார். மடிப்பு மடிப்பாகத் தழும்பு விழுந்த சிவப்புப் பட்டு, கற்பூர வாசனை. அந்த மத்தியான வெயிலில், மாவு காய்ந்த கையோடு. மற்றக் கையில், அதுவரை கட்டியிருந்த சந்தனக் கலர் சேலை.

"தொவைச்சுக் குடுக்க நேரமில்லீங்க" என்றார்.

மாமியார் தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சேலையை வாங்கி என்னிடம் நீட்டினார். இன்னும் உடம்புச் சூடு ஆறாமல் இருந்தது.

கூட்டமாக உட்காரக் கூடாது என்பதை ஒரு நாளுக்கு மறந்து, அன்றைக்கே எங்கள் கூடத்தில் தையல் நடந்தது. அந்த ஒரே சேலையை ஐந்து மடிப்பாக மடித்து, ஆளுக்கொரு மூலையாக உட்கார்ந்தார்கள். கூறைச்சேலை கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து தைக்கிற அக்காவை ராவுத்தர் வீட்டம்மாகூடக் கேலி செய்யவில்லை. நான்காவது மூலை எனக்கு. என் வரியைப் பிரித்துத் தைக்கட்டுமா என்று அக்கா கேட்டார். இருக்கட்டும் என்றார் மாமியார்.

மகள் பிறந்தாள். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது, அக்கா வரவில்லை. சொல்லி அனுப்பினாலும் வரவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும், மாமியாருக்கும் தெரியும். அவர் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டு, நாள் மட்டும் எண்ணிக்கொண்டிருந்தார்.

குழந்தைக்கு ஒரு மாதம் முடிந்த அன்று காலை, வாசல் தெளிக்கிற நேரத்துக்கே அக்கா வந்து நின்றார். கூப்பிடாமலே உள்ளே வந்தார். குழந்தை காலை உதைத்துக்கொண்டு கிடந்தாள். அக்கா அவளைத் தொடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அவள் உதைத்து உதைத்துக் கீழே சுருண்டு கிடந்த துப்பட்டியின் ஓரத்தை மட்டும் விரலால் பிடித்துப் பார்த்தார்.

"நல்லாக் கசங்கியிருக்குதுங்க" என்றார். அப்புறம்தான் அழுதார்.